போலீஸ் வீட்டு அடுப்பு

எங்கள் வீட்டுக்கு நெருப்புத் தரக் கூடாது என்று லயன்காரர்கள் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அது தானாகவே நடந்தது. வண்டன்மேட்டுக்கு மேலே ஏலக்காட்டுக்குள் நாங்கள் குடியிருந்த காலம் அது. லயன் என்றால் தோட்டத்துக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த வீடுகள். எங்கள் பக்கத்துக்கு மோட்டார் இன்னும் ஏறி வரவில்லை. என் வீட்டுக்காரர் போலீஸ். வெறும் கான்ஸ்டபிள்தான். ஆனால் மலையில் காக்கித் துணி போட்டவர்கள் எல்லோருமே ஏட்டையா. அதனால் நானும் ஏட்டம்மா ஆனேன்.

நெருப்பு கேட்டா வாங்குவார்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆடியில் பிடித்த மழை ஐப்பசி தாண்டியும் விடாத மலை அது. தீப்பெட்டி வாங்கி வந்த மறுநாளே நமத்துப் போகும். குச்சியைக் கிழித்தால் மருந்து மட்டும் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் காய் எடுப்புக் காலத்தில் எல்லா வீட்டு அடுப்பும் ஸ்டோரை நம்பித்தான் எரிந்தது. ஸ்டோர் என்றால் கடை இல்லை, செடியிலிருந்து பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் காய வைக்கும் கட்டடம். காய் வரத்து இருக்கும் வரை அதன் அடுப்பு இராப்பகலாக அணையாது. காலையில் லயன் பெண்கள் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பலைப் பரப்பி எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். சாம்பல்மேல் நாலு நெருப்புக் கங்கு வாங்கி, ஏல இலையால் மூடி, மழையில் ஓட்டமும் நடையுமாகத் திரும்புவார்கள்.

நானும் போனேன். நான் போய் நின்றதும் பேச்சு நின்றுவிடும். கம்பம் பக்கத்துப் பெண்கள், மழைக்கும் மேலே சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள், என்னைக் கண்டால் வாயில் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். எனக்குக் கடைசியில்தான் கங்கு வரும், அதுவும் பாதி செத்த கரி. வீட்டுக்கு வந்து ஊதினால் சாம்பல் பறக்கும். ஒரு நாள் திரும்பிப் போய்க் கேட்டேவிட்டேன்.

"போலீஸ்காரவுக வீட்டுல நெருப்புக்கா பஞ்சம்?" என்றாள் ஒருத்தி. "ஏட்டையா கண்ணுல இருக்கே, அதுல பத்த வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரட்டையை அங்கேயே போட்டு உடைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஸ்டோர்ப் பக்கம் நெருப்புக்குப் போகவே இல்லை.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. போலீஸ் மலைக்கு வந்து அவர்களுக்கு என்ன நன்மை நடந்தது? சாராய ஊறலை உடைத்தது. தேயிலைத் தோட்டங்களில் ஒப்பந்தம் முடியும் முன்னே ஓடி வந்தவர்களை வாரண்டோடு தேடிப் பிடித்து, போன வழியே திருப்பிக் கொண்டுபோய் விட்டது. ஒப்பந்தத்தை மீறி ஓடுகிற கூலியாளைத் திருடனைப் போலப் பிடிக்கலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. ஒவ்வொரு தடவை போலீஸ் வந்துபோன பிறகும் லயனில் ஒரே கேள்வி, எவன் போய்ச் சொன்னான் என்பதுதான். போலீஸ்மேல் இருந்த சந்தேகத்தைவிட ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த சந்தேகம் பெரிது. நானும் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. ஆக, எங்கள் மலையில் சந்தேகப்படாதது ஆடுமாடு மட்டும்தான்.

எங்கள் கட்டடத்தின் முன்பாதி போலீஸ் அவுட்போஸ்ட். பின்பாதி வீடு. நடுவில் மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர். கூட இருந்த இன்னொரு கான்ஸ்டபிள் மலைக்காய்ச்சலோடு ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. அவுட்போஸ்டில் சர்க்கார் அரிக்கேன் விளக்கு ஒன்று இருந்தது. அதன் தகரத்தில் திருவிதாங்கூர் சர்க்காரின் சங்கு முத்திரை குத்தியிருக்கும். இரவெல்லாம் அது எரிய வேண்டும் என்பது உத்தரவு. நான் சிரட்டையை உடைத்துவிட்டு வந்த நாள் முதல், விடிந்ததும் அவர் அந்த விளக்கில் ஒரு விறகுச் சிராயைப் பற்றவைத்து, தட்டிச் சுவரைச் சுற்றிக் கொண்டுவந்து என் அடுப்பில் செருகிவிட்டுப் போவார்.

"வெளிய மூச்சு விட்டுராத ஏட்டி," என்றார். "சர்க்கார் எண்ணெயில போலீஸ்காரன் சோறு பொங்குதாம்னு எவனாவது பேப்பர்ல எழுதிப்போட்டாம்னா என் தொப்பி போயிரும்."

அதனால் மூச்சு விடவில்லை. ஆனால் புகையை யார் மறைக்க முடியும்? எங்கள் கூரையில் தினமும் காலையில் புகை வந்தது. நான் ஸ்டோருக்குப் போவதை நிறுத்தியதை லயனே அறியும். அப்படியானால் போலீஸ் வீட்டுக்கு யாரோ கள்ளத்தனமாக நெருப்புக் கொடுக்கிறார்கள். யார்? அந்தக் கேள்வி லயனுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்து உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் ஸ்டோரில் திருட்டு நடந்தது. பறித்து வந்த பச்சைக் காயில் ஒரு மூட்டையைக் காணவில்லை. தோட்டத்து முதலாளி அவுட்போஸ்டுக்கு வந்து சத்தம் போட்டார். என் வீட்டுக்காரர் லயனில் போய் விசாரித்தார். விசாரித்தார் என்றால், கதவு கதவாக நின்று கேட்டார், கதவு கதவாக இல்லை என்றார்கள். கண்ணால் கண்டவனும் போலீஸிடம் வாய் திறக்க மாட்டான், காணாதவன் எப்படித் திறப்பான்?

பத்திரிகைக்கு மட்டும் வாய் இருந்தது. கம்பத்திலிருந்து மலையேறி வந்து ஏலக்காய் வாங்குகிறவர் ஒருவர், மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு மலைச் செய்தியும் எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை நிருபர் என்றுதான் சொல்லுவோம். மூக்குப்பொடி மணக்க வருவார். என் கையால் காப்பி வாங்கிக் குடிப்பார். கீழே இறங்கியதும் எங்களைப் பற்றியே எழுதுவார். திருட்டு நடந்த அடுத்த வாரம் சுமைக்காரர்களோடு பத்திரிகை மேலே வந்தது. காப்பிக்கடையில் அதை உரக்கப் படித்தார்களாம். மலையில் போலீஸ் இருக்கிறதா, கம்பளிக்குள் இருக்கிறதா என்று ஆரம்பித்து நன்றாகக் கிண்டல் செய்திருந்தார். முடிவில் தன் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டியிருந்தார். பச்சைக் காயைக் காய வைக்காவிட்டால் கறுத்து அழுகிப்போகும், இந்த மழையில் வெயில் கிடையாது, திருடன் தன் வீட்டு அடுப்பில்தான் காய வைத்தாக வேண்டும். ஆகையால் எந்த வீட்டு அடுப்பு இரவெல்லாம் எரிகிறது என்று பார்க்க இன்ஸ்பெக்டருக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு அது தோன்றாமல் இருந்தது உண்மைதான். படித்ததும் தோன்றிவிட்டது. மட்டக்குதிரையில் நனைந்துகொண்டே வந்து இறங்கினார். சட்டைப்பையில் அந்தப் பத்திரிகை மடித்து வைத்திருந்தது. அவர் வடக்கே மலையாளக்காரர், பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். திருடனைப் பிடிப்பதைவிட நிருபரின் வாயை அடைப்பதுதான் அவருக்கு அவசரமாக இருந்தது என்று எனக்குப் பட்டது.

அவர் போட்ட திட்டம் இதுதான். இரவெல்லாம் அடுப்பு எரிகிற வீட்டுக்குக் காலையில் கங்கு வேண்டியிராது. ஆகவே ஸ்டோருக்குக் கங்கு வாங்க எந்த வீடு வரவில்லை என்று பார்த்தால் போதும். என் வீட்டுக்காரர் குளிர்காய்கிறவரைப் போல ஸ்டோர் வாசலில் போய் உட்கார்ந்தார். சில காலைகள் பார்த்ததில், லயனின் கடைசி வீட்டிலிருந்து மட்டும் சிரட்டை வரவே இல்லை.

அந்த வீட்டில் ஒரு விதவையும் அவள் தம்பியும் இருந்தார்கள். இருவருக்கும் காய் எடுப்பு வேலை. அதிர்ந்து பேசாத குடும்பம். இன்ஸ்பெக்டர் போய்ச் சோதனை போட்டார். அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஒரு சட்டியில் ஒரு கைப்பிடி காய்ந்த ஏலம் இருந்தது. இரவெல்லாம் எதற்கு நெருப்பு என்று தம்பிக்காரனைக் கேட்டார். அவன் முகம் வெளுத்துப்போய் நின்றானே தவிர, பதில் சொல்லவில்லை. அவனைக் கயிற்றால் கட்டிக் கூட்டி வந்தார்கள்.

தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவனை அடித்தார்கள். நான் இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கேள்வி இன்ஸ்பெக்டருடையது, கை என் வீட்டுக்காரருடையது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். விறகு பிளக்கும்போது அவர் விடுகிற மூச்சு அதே மூச்சுதான். மூட்டை எங்கே, மூட்டை எங்கே என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். அவன் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. களைந்த அரிசியையே நான் திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தேன்.

அவர் சாப்பிட வந்தபோது சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, முகம் பார்க்காமல் கேட்டேன். "அந்தச் சட்டியில ஏலம் மட்டுந்தான் இருந்துதா?"

"ஏலம், சுக்கு, திப்பிலி. எல்லாம் ஒண்ணாத்தான் கெடந்துது. அதுக்கென்ன?"

ஆண்பிள்ளைப் போலீஸுக்கு அதற்கென்ன என்றுதான் தோன்றும். சுக்கும் திப்பிலியும் ஏலமும் ஒரே சட்டியில் இருந்தால் அது பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற மருந்து. பிள்ளை பிறந்த வீட்டில் தீட்டுக் கழிகிற வரை அடுப்பு அணையக் கூடாது. அந்த வீட்டு நெருப்பு வெளியே போகக் கூடாது, வெளி நெருப்பு உள்ளே வரவும் கூடாது. கங்கு வாங்க ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்? ஆனால் அந்த வீட்டில் இருப்பது விதவையும் தம்பியும். பிள்ளை பெற்றது யார்? என் சந்தேகம் தலையைத் தூக்கிவிட்டது. அது தூக்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

மத்தியானம் மழை கொஞ்சம் வெறித்ததும் விறகு பொறுக்குகிறவளைப் போல லயனின் பின்பக்கமாக நடந்தேன். கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. ஸ்டோருக்குப் பின்னால் விறகுக் கொட்டகை. அதன் வாசலில் ஓர் உரலைப் போட்டு இரண்டு பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதுதான் தாமதம், எழுந்து ஆளுக்கொரு உலக்கையை எடுத்துத் தங்குதங்கென்று இடிக்க ஆரம்பித்தார்கள். நான் நின்றேன், இடித்தார்கள். கொஞ்சம் தள்ளிப் போனேன், நிறுத்தினார்கள். திரும்பி வந்தேன், மறுபடியும் இடித்தார்கள். கிட்டே போய் உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

வெறும் உரலை இடிப்பது ஆகாத காரியம். ஐந்து வயதுப் பெண்குழந்தை இடித்தாலே முதுகில் ஒன்று வைப்பார்கள். அறிந்த பெண்கள் இரண்டு பேர் பட்டப்பகலில் வெறும் உரலை இடிக்கிறார்கள் என்றால் அந்தச் சத்தம் எதையோ மூடுவதற்குத்தான். நான் நகரவே இல்லை. எவ்வளவு நேரம் இடிப்பார்கள்? கை ஓய்ந்து ஒருத்தி உலக்கையைச் சாய்த்த இடைவெளியில் கொட்டகைக்குள்ளிருந்து அது கேட்டது. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் அழுகை, பூனைக்குட்டியின் சத்தத்தைப் போல.

விதவை வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் விறகு அடுக்கின் நடுவே ஈரச் சாக்கை விரித்து, ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையை மாரோடு அணைத்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

"பாத்தாச்சுல்ல?" என்றாள் விதவை. "போயி ஏட்டையாட்ட சொல்லிட்டு வாங்க. ஓடிற மாட்டோம், இங்கனதான் இருப்போம்."

"நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன் மைனி."

"எல்லாரும் இப்புடித்தான் சொல்லுவீக."

நான் போகவில்லை என்று கண்ட பிறகு அவளாகவே சொன்னாள். அந்தப் பெண் அவளுடைய தங்கை, தம்பிக்கும் இளையவள். தெற்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். ஒப்பந்தம் இவள் தலையில் நின்றது. வயிற்றுப் பிள்ளையோடு கொழுந்துக்கூடை சுமக்க முடியாமல் காட்டு வழியாக ஓடி வந்துவிட்டாள். அவள் பெயரில் வாரண்டு இருக்கிறது. இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தபோது இவளைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, பெற்ற உடம்போடு பின்பக்கமாகத் தூக்கி வந்து விறகுக்குள் ஒளித்திருக்கிறார்கள். இரவெல்லாம் எதற்கு நெருப்பு என்று கேட்டதும் தம்பிக்காரன் வாயை மூடிக்கொண்டதும் அதனால்தான். திருட்டுக்குத்தான் பிடிக்கிறார்கள் என்பதே ஏலச் சட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்ததாம். அதற்குள் கையில் கயிறு ஏறிவிட்டது.

"ஏந் தம்பி வாயத் தொறந்தா இவளக் கொண்டு போயிருவாக," என்றாள். "தொறக்காட்டி அவனக் கொண்டு போயிருவாக. எதச் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் ஒன்றும் இல்லை. எந்தப் பக்கமாக ஓடலாம் என்று கணக்குப் போடுகிற கண். பிள்ளையின் உதடு குளிரில் நீலமாக இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை, அதனால் எல்லோர்மேலும் வந்தது.

மறுநாள் காலையில் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே நிருபர். தான் எழுதியபடியே திருடன் அகப்பட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திருடனைப் பிடித்தது பத்திரிகையா போலீஸா என்பதில் மட்டும்தான் இரண்டு பேருக்கும் இழுபறி. மூலையில் அவன் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரர் கதவோரம் விறைத்து நின்றார். நான் காப்பி கொண்டுபோனேன்.

"நெருப்பில்லாம பொகையுமாங்க?" என்று நிருபர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பேனோ என்னவோ.

"அந்த வீட்டு நெருப்பு எனக்காக வச்சிருந்தது," என்றேன்.

"எந்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்டோர்ல எனக்குக் கங்கு தர மாட்டாவ. லயன்ல யார வேணும்னாலும் கேளுங்க, நான் அங்க போயி எத்தனையோ நாளாச்சு. இந்தக் கடைசி வீட்டுலதான் எனக்குன்னு ராத்திரியெல்லாம் அணையாம வச்சிருந்து, விடியமுன்ன தருவாவ. அதனாலதான் அவங்க ஸ்டோருக்கு வரல்ல. வெளிய தெரிஞ்சா லயன்ல அவங்கள ஒதுக்கி வச்சிருவாவன்னு பயந்துதான் இந்தத் தம்பி வாயத் தொறக்கல்ல."

பொய் எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மூலையில் இருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நிருபரின் பென்சில் ஒரு கணம் நின்றது, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. போலீஸ் வீட்டு அடுப்பு, போலீஸ் பிடித்த திருடன் வீட்டு நெருப்பிலேயே எரிகிறது. முந்தியதைவிட இது ருசியான செய்தி அல்லவா? இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பென்சிலைத்தான் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, உன் பெண்சாதி சொல்வது நிஜமா என்று மலையாளத்தில் கேட்டார்.

"நின்றெ பார்ய பறயுன்னது நேரோ?"

என் வீட்டுக்காரருக்கு அது பொய் என்று தெரியும். என் அடுப்பைப் பற்றவைத்த கை அவருடையது. சங்கு முத்திரை போட்ட விளக்கு அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தாரோ, பார்க்கவில்லையோ, எனக்கு நிச்சயமில்லை.

"நேரு தன்னெ, ஏமானே," என்றார்.

இன்ஸ்பெக்டர் காப்பியைக் குடித்து முடித்தார். சாட்சி போதாது என்று சொல்லிக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். அப்புறம் நிருபரைத் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப்போனார். மழையில் குதிரைப் பக்கத்தில் நின்று இருவரும் நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் சிரித்தார்கள். அடுத்த பத்திரிகையில் போலீஸாரின் விசாரணை மும்முரமாக நடந்துவருகிறது என்று மட்டும் இருந்ததாம். என்ன பேசி என்ன முடித்தார்கள் என்பது அந்தக் குதிரைக்குத்தான் தெரியும். மூட்டையைத் திருடியது யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. எனக்கு ஸ்டோர்க் கணக்கப்பிள்ளைமேல் சந்தேகம். ஏலக்காய் வியாபாரமும் செய்த அந்த நிருபர்மேல் அதைவிடச் சந்தேகம். எந்த வீட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு அக்கறையாக ஊருக்குக் காட்டினவர், தன் கிடங்கைப் பார்க்கும்படி எழுதவில்லையே. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

"எதுக்காக அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"பின்ன? சர்க்கார் எண்ணெயிலதான் எங்க அடுப்பு எரியுதுன்னு சொல்லச் சொல்லுதியா?" என்று சீறிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரக்கப்பட்டுச் சொன்னாரா, எண்ணெய்க்குப் பயந்து சொன்னாரா? எனக்குப் பிடிபடவில்லை. கூடப் படுத்திருக்கிற ஆளை இப்படிச் சந்தேகப்படுவது கொடுமைதான். ஆனால் தட்டிச் சுவருக்கு அப்பால் கேட்ட அந்த மூச்சு என் காதை விட்டுப் போகவில்லை.

இனிமேலாவது லயனில் என்னை மனுஷியாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? போலீஸ் வீட்டுக்கு நெருப்புக் கொடுப்பது யார் என்று அத்தனை நாளாகத் துளைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு நானே என் வாயால் விடை கொடுத்துவிட்டேன் அல்லவா? கடைசி வீடு. அப்படியானால் சாராய ஊறலைக் காட்டிக் கொடுத்ததும் அவர்கள்தான். முந்திய வருஷம் ஓடி வந்த ஆட்களைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். போதாததற்குப் பிள்ளை பிறந்த தீட்டு வீட்டு நெருப்பை வெளியே கொடுத்திருக்கிறார்கள், அதுவும் போலீஸுக்கு. வெறும் உரலை இடித்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றிய அதே பெண்கள் அந்த வீட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு நல்ல காரியம் செய்தார்கள், வாரண்டு விஷயத்தை மட்டும் யாரும் வெளியே விடவில்லை. அந்த மட்டுக்கு மனசாட்சி இருந்தது.

ஓடையில் துணி அலசும்போது விதவை என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "தம்பியக் குடுத்தீக. ஊர எடுத்துக்கிட்டீக."

நான் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்? அவளிடமும் கேட்டேன், இன்று வரை என்னையும் கேட்கிறேன். அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பியிருக்க முடியாது, அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

தீட்டுக் கழிகிற நாள் வந்தது. அன்று பழைய நெருப்பை அவித்து, அடுப்பை மெழுகி, வேறு இடத்திலிருந்து புது நெருப்பு கொண்டுவந்து பால் காய்ச்ச வேண்டும். விதவை காலையிலேயே அடுப்பை அவித்துவிட்டுச் சிரட்டையோடு ஸ்டோருக்குப் போனாளாம். போலீஸ் வீட்டில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சிரட்டையை வீசிவிட்டு, ஈரத் தரையில் முகத்தைக் கவிழ்த்துப் படுத்தவள் எழவில்லையாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது என் பின்வாசலில் நின்ற அந்தச் சின்னப் பெண் மட்டும்தான். தலையில் சாக்கு, மாரில் துணிக்குள் பிள்ளை, கையில் சிரட்டை. கால் முழுக்கச் சேறு.

"அக்கா, நெருப்பு இருக்கா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கும் அவருக்கும் நாலு முழம் இருக்காது. தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் தகரப் பெட்டியில் அவள் பெயர் போட்ட வாரண்டு இருந்தது. அது அங்கே இருக்கும் என்பது அவளுக்கும் தெரியாமலா இருக்கும்?

"யாரது?" என்று அவர் எட்டிப் பார்த்தார்.

"கடைசி வீடு. நெருப்புக்கு வந்திருக்காவ."

அவர் அவளைப் பார்த்தார். மாரில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். சுக்கும் திப்பிலியும் ஏலமும் அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கை கழுவாமல் எழுந்து முன்பாதிக்குப் போனார். பெட்டியைத் திறக்கப் போகிறார், கயிற்றை எடுக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஓடு என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஓடவில்லை. கண் மட்டும் காட்டுப் பாதைப் பக்கம் போய்ப் போய் வந்தது.

அவர் விளக்கோடு வந்தார். சங்கு முத்திரை போட்ட அதே விளக்கு, பட்டப்பகலில், திரி எரிந்தபடி.

"மழையில கங்கு அவிஞ்சிரும்," என்றார் என்னிடம். அவளை நிமிர்ந்து பார்க்காமலே வாசல் நிலையருகே அதை வைத்தார். "இதக் கொண்டு போகச் சொல்லு. அந்திக்கு முன்ன திரும்பி வந்தாப் போதும்."

அவள் விளக்கைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். அவர் நீட்டிய கருணை அவளுக்குக் கண்ணியாகத் தெரிந்திருந்தால் அவளை யார் குறை சொல்ல முடியும்? அதே கைதானே அவள் அண்ணனை அடித்தது. கண்ணி இல்லையென்று வைத்தாலும், சர்க்கார் விளக்கைப் பிடித்துக்கொண்டு லயன் வழியே நடந்தால் பிறகு அந்த வீட்டுக்கு மலையில் இடம் ஏது?

"கங்கே போதும்க்கா," என்றாள்.

என் அடுப்பில் இருந்ததிலேயே நல்ல கங்காகப் பார்த்து, சிரட்டை நிறைய அள்ளிப் போட்டேன். அவள் அதைப் பிள்ளையின் காலடியில் இடுக்கிக்கொண்டு, சாக்கை முன்னால் இழுத்து இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

அவர் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. எச்சில் கையோடு என் பக்கத்திலேயே நின்றார். கடைசி வீட்டுக் கூரையில் புகை தெரிகிற வரை இரண்டு பேரும் பின்வாசலில் நின்றோம். சோறு ஆறிவிட்டது.